அத்திம்பேருக்கு, வேன் விஷயமாக

கிழக்குத் தாம்பரம்,
22-5-1989

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் ஸ்ரீநிவாசராகவன் அவர்கள் திவ்ய சமுகத்துக்கு, மைத்துனன் கஸ்தூரிரங்கன் சாஷ்டாங்கமாகச் சேவித்து எழுதிக்கொண்டது. நானும் லோகநாயகியும் பெருமாள் கிருபையில், வெயில் தின்றது போக மிச்சம் சௌக்கியம். மன்னார்குடியில் தாங்களும் அக்காவும் அவ்வண்ணமே என்று நம்புகிறேன்.

தங்கள் கார்டு கிடைத்தது. "ரிடையரானவன் அகத்தில் உட்காராமல் லாரியில் குடித்தனம் பண்ணுகிறானாம், ஏரிக்கரையில் அரை நிர்வாணமாக நின்று ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறானாம், நம் குடும்பத்தில் இப்படி ஒருத்தன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னது என் பழைய ஆபீஸ் சிநேகிதர் சத்தியநாதன் என்று தெரியும். பஸ் ஜன்னல் வழியாக அரை நிமிஷம் பார்த்ததை வைத்துக்கொண்டு பேசுகிறார். முப்பத்தோரு வருஷம் தந்தி ஆபீசில் ஊரார் சேதியையெல்லாம் பத்து வார்த்தைக்குள் அடக்கி அடித்தவன் நான். என் சேதி ஒன்றையாவது முழுசாகச் சொல்ல விடுங்கள்.

முதலாவது, அது லாரி இல்லை, வேன். முடிச்சூர் துளசிங்கம் சர்க்கார் ஏலத்தில் எடுத்தது. அவர் நிலமெல்லாம் ப்ளாட்டாகிவிட்டது, உழுத மனுஷருக்குக் கை சும்மா இருக்கவில்லை, வாடகைக்கு விடலாமென்று வாங்கி வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருந்தார். சும்மா எட்டிப் பார்க்கத்தான் ஏறினேன். உள்ளே ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு பெஞ்சு, கை கழுவத் தொட்டி, அதற்கு மேலே தண்ணீர் டாங்கு, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அத்திம்பேர், ஒரு ஜன்னல் திரையும் ஒரு ஸ்டவ்வும் வைத்தால் அது வீடு! வெளிதேசத்தில் இந்த மாதிரி வண்டியில் ஏரி ஏரியாகச் சுற்றுகிறார்கள் என்று பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறேன். நமக்கென்ன ஏரிக்கா பஞ்சம்? "மே மாசத்துல ஏரியில என்ன இருக்கும்னு போறேள்?" என்றாள் லோகநாயகி. அதைத்தானே பார்க்கணும்! சீசனில் பறவை பார்க்க ஊரே போகிறது. பறவையெல்லாம் போனபிறகு ஏரி தனியாக என்ன பண்ணிக்கொண்டிருக்கும்? கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஓர் ஆசை. "உங்களைத் தனியா அனுப்பினா கேள்வி கேட்டே ஏரியை வத்த வச்சுடுவேள்" என்று அவளும் புளியோதரை, நல்லெண்ணெய் சகிதம் ஏறிவிட்டாள்.

துளசிங்கமே ஓட்ட, செங்கல்பட்டு தாண்டி, படாளத்தில் திரும்பி, ஏரிக்கரை ஓரமாகவே மெதுவாகப் போய் ஓரிடத்தில் உள்ளே இறங்கி நிறுத்தினோம். ஏரி எங்களுக்கு முன்னாலேயே வற்றியிருந்தது. நடுவில் ஒரு குட்டை, சுற்றிலும் பாளம் பாளமாய் வெடித்த சேறு. அந்தச் சேற்றில் பறவைகள் நடந்த தடமெல்லாம் அப்படியே காய்ந்து கிடந்தது. எந்தக் கால் எந்தப் பறவையுடையது, இது ஏன் இங்கே நின்று திரும்பிப் போயிற்று என்று குனிந்து பார்த்துக்கொண்டே வெகுதூரம் போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வேனுக்கு முன்னால் க்யூ! பதினோரு ஆடு, நாலு மாடு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர். துளசிங்கம் பெயின்ட்டை ஒரே கோட்டு அடித்திருக்கிறார். உச்சி வெயிலில் அடியிலிருந்து பச்சை எழுத்து பளிச்சென்று தெரிகிறது: 'நடமாடும் கால்நடை மருத்துவமனை.' நாங்கள் டாக்டர் இல்லை என்றேன். "இன்னா சார், இம்மாந்தூரம் வந்து குனிஞ்சு குனிஞ்சு சாணியைப் பாக்கறீங்கோ, டாக்டர் இல்லேன்றீங்கோ?" என்றார் கோழிக்காரர்.

அப்போதுதான் அஞ்சம்மாள் என்கிற பெண்மணி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "காலைலேர்ந்து என் மாடு முக்கிகினே கீது சார், கன்னுக்குட்டி ஒரு காலு வெளிய வந்துகீது, இன்னொண்ணைக் காணோம்." டாக்டருக்கு மதுராந்தகம் வரை ஆள் போயிருக்கிறதாம், வரக் காணோம். கருவேல நிழலில் அந்த மாடு கழுத்தைத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. அதன் கண்ணைப் பார்த்தேன், அத்திம்பேர், பிறகு பார்க்க முடியவில்லை. துளசிங்கம் மாடு வைத்திருந்தவர். பார்த்ததுமே, "முட்டி மடங்கிகினு கீது. கையை வுட்டு நிமுத்தணும். என் கை போவாது" என்றார். அவர் கை முறம் மாதிரி. எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். தந்தி அடித்தே பழகிய அந்தக் கையை நான் மெதுவாகத் துண்டுக்குள் மறைத்தேன்.

"இதைப் பிடிங்கோ" என்று யாரோ என் கையில் வளையல்களைத் திணித்தார்கள். லோகநாயகி! பல்லி விழுந்தால் தெருவுக்கு ஓடுகிறவள், முழங்கை வரை நல்லெண்ணெயைப் பூசிக்கொண்டு மண்ணில் படுத்துவிட்டாள்.

"இன்னா அம்புடுது மாமி?"

"வழவழன்னு... மூக்கு. துளசிங்கம், நாக்கை அசைக்கறது! உசிரோட இருக்கு!"

"மூஞ்சியை உள்ள தள்ளு. அப்பால முட்டியைப் புடி. குளம்பை உள்ளங்கைல மூடிகினு இழு, கிழிச்சுடப் போவுது."

மாடு முக்குகிறபோதெல்லாம் அவள் முகம் கோணிற்று, கையை மட்டும் எடுக்கவில்லை. இரண்டாவது குளம்பு வெளியே வந்தது. கட்டி இழுக்க மெத்தென்ற துணி வேண்டுமென்று துளசிங்கம் என் மயில்கண் வேஷ்டியைக் கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உருவினார். நான் அரை டிராயரில், தோளில் துண்டு, இரண்டு கையிலும் வளையல்கள், எதிரே பதினோரு ஆடுகளுடன் நின்றபோதுதான் கரை மேலே அந்த பஸ் போயிற்று. ஜன்னலில் சத்தியநாதன். கை வேறு ஆட்டினார்.

கன்று வந்து விழுந்தது. மூச்சில்லை. துளசிங்கம் ஒரு வைக்கோலை எடுத்து மூக்கில் விட்டார். ஒன்றுமில்லை. மறுபடியும் விட்டார். 'பூச்' என்று ஒரு தும்மல்! அஞ்சம்மாள் லோகநாயகியின் எண்ணெய்க் கையை அப்படியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று மணிக்கு வந்த நிஜ டாக்டர் பார்த்துவிட்டு, "நல்ல கைம்மா" என்றார். திரும்பும்போது சிங்கப்பெருமாள்கோவில் வந்ததும், "ஏன்னா, கன்னு என் விரல்ல நக்கித்து" என்றாள் லோகநாயகி. அவ்வளவுதான்.

நடந்தது இவ்வளவே. ஆயினும் பெரியவர் தங்கள் சொல்லை மீறலாமா? இனி அந்த வேனில் கால் வைப்பதில்லை என்று இருவரும் தீர்மானித்துவிட்டோம். அக்காவுக்கு எங்கள் சேவிப்புகள், குழந்தைகளுக்குப் பல்லாண்டு ஆசிகள்.

இப்படிக்கு, தங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட
கஸ்தூரிரங்கன்

பி.கு.: கையெழுத்து கோணிக்கொண்டு போவதற்கு வயசு காரணமில்லை. துளசிங்கம் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறார். திண்டிவனம் தாண்டிவிட்டோம். இதைத் தபாலில் போடாமல் நாளை மத்தியானம் நானே தங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். படித்து முடித்ததும், தங்கள் தெருவில் யார் யார் அகத்தில் மாடு சினையாக இருக்கிறது என்று லோகநாயகிக்குச் சொல்லவும்.