மேஜர் வீட்டு பர்பன்

காதலிக்கிற பெண்ணின் அப்பா ஒன்றைக் கேட்டால், 'தெரியாது' என்று சொல்ல எந்த இளைஞனுக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் டெல்லியில் மத்திய அரசு குமாஸ்தா. கரோல் பாக்கில் மொட்டைமாடி அறை. தினமும் ஒரே பஸ்ஸில் வந்த பள்ளி ஆசிரியை மாலதியை எனக்குப் பிடித்தது. அவளுக்கும் என்னைப் பிடித்தது (ஏன் என்று அவளுக்கே இன்னும் விளங்கவில்லை). விஷயம் அவள் அப்பாவிடம் போனது. அவர் ராணுவ மேஜர்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்களை வரச் சொல்றார். விஸ்கி பத்தித் தெரியுமான்னு கேட்டார்" என்றாள் மாலதி.

"நல்லாவே தெரியும்" என்றேன். அதுவரை நான் குடித்ததிலேயே காட்டமானது இருமல் மருந்து.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், டிசம்பர் வெயிலில், புல்தரையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேஜர் ஒரு பாட்டிலைக் கைக்குழந்தை போல ஏந்தி வந்தார்.

"மச்சான் அமெரிக்காலேர்ந்து கொண்டுவந்தான். பர்பன். மக்காச்சோள விஸ்கி. சாதாரணமா பல பீப்பாயைக் கலந்து பாட்டில்ல ஊத்துவான். இது அப்படியில்ல, ஒரே பீப்பாய்! குடிச்சுப் பாத்து எப்படின்னு சொல்லு, தம்பி."

அவர் விளக்கியபோது ஜன்னலில் மாலதி நின்றிருந்தாள். பிறகு எனக்கு எங்கே காது கேட்கும்? கிளாஸைச் சுழற்றினேன். மூக்கை உள்ளே விட்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். கண்ணில் நீர் கொட்டியது.

"அருமையான கலவை சார்!"

மேஜரின் மீசை அசையவில்லை.

"கலவையா?"

பதற்றத்தில் ஒரு மடக்கு குடித்தேன். பாதி உள்ளே இறங்கித் தொண்டையில் தீப்பிடித்தது. ருசி பார்ப்பவர்கள் விழுங்க மாட்டார்கள், துப்புவார்கள் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வர, மீதியைப் பக்கத்துப் பூந்தொட்டியில் கௌரவமாகத் துப்பினேன்.

"ஐயையோ, என் டேலியா!" என்று மேஜரின் மனைவி அலறினார். (பூக் கண்காட்சிக்கு வளர்த்த செடியாம்.) ஜன்னலில் மாலதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"நிஜத்தைச் சொல்லு. விஸ்கி குடிச்சிருக்கியா?" என்றார் மேஜர்.

"இல்ல சார்."

"அச்சா. இப்ப வாயில என்ன தெரியுது? பெரிய வார்த்தை வேணாம்."

போனது போகட்டும் என்று சொல்லிவிட்டேன்: "புதுசா வார்னிஷ் அடிச்ச மர பீரோவுக்குள்ள யாரோ கஸ்டர்டை வெச்சு மறந்துட்ட மாதிரி இருக்கு சார்."

மேஜர் தன் கிளாஸை முகர்ந்தார். ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அரே! பீரோன்னா பீப்பாயோட ஓக் மரம், கஸ்டர்டுன்னா வெனிலா! கிளப்புல ஒவ்வொருத்தனும் 'ஃபைன், ஃபைன்'னுதான் சொன்னான். ஒருத்தனுக்கும் இது தெரியல! மாலதி, இந்தப் பையன் சரி!"

"என் டேலியா?" என்றார் மனைவி.

"கல்யாணத்துக்கு வேற பூ வாங்கிக்கலாம், விடு!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதைப் புதிதாகச் சமைத்தாலும் முதல் கரண்டி எனக்குத்தான். டெல்லியிலேயே வளர்ந்த என் மகள், "அப்பா, ஜல்தி சொல்லுங்க, பீரோவா கஸ்டர்டா?" என்று நிற்பாள். போன மாதம் மாலதியின் வத்தக்குழம்புக்கு யோசிக்காமல் "பீரோ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ஹோட்டலில்.