நீல மூடி

வீடு பாக்க பொண்ணு வீட்டுக்காரங்க பத்து மணிக்கு வர்றாங்க. மணிவேல் சென்னைலேர்ந்து எட்டு மணிக்குத்தான் அடி அண்ணாமலை வந்து சேந்தான். வீட்டுக்குள்ள காலை வெச்சான், காலுக்கடியில வாட்டர் பாட்டில் ஒண்ணு படக்குன்னு நசுங்குச்சு.

பௌர்ணமி முடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆவுது. வாசல்லேர்ந்து சமையக்கட்டு வரைக்கும் ஏழு மூட்டை. நடுவுல அவன் அம்மா உண்ணாமலை உக்காந்து பாட்டில் மூடியைத் திருவித் திருவி எடுத்துட்டு இருந்தாங்க.

"ஏம்மா, இன்னிக்கு அவங்க வர்றாங்கன்னு தெரியும்ல?"

"அதாண்டா சீக்கிரம் முடிக்கறேன். ஒம்போதுக்கு இருசப்பன் வண்டி வந்துரும். ஏத்திட்டா வீடு காலி."

இருசப்பன் பழைய பிளாஸ்டிக் எடுக்கறவரு. கிரிவலம் வர்றவங்க குடிச்சிட்டுப் போடற பாட்டிலைப் பொறுக்கி, அவருகிட்ட போட்டுத்தான் உண்ணாமலை மகனைப் படிக்க வெச்சாங்க. ஆனா பொண்ணு வீட்ல மணிவேல் சொன்னது வேற. "அம்மா சும்மா வீட்லதான் இருக்காங்க." கீர்த்தனாவை அவனுக்கு அவ்ளோ புடிச்சிருந்துச்சு. இந்த சம்பந்தம் தட்டிப்போயிடுமோன்னு ஒரு வாரமா தூக்கமே இல்ல.

கீழ சின்னப் பை ஒண்ணு. உள்ள முழுக்க நீல மூடி.

"இது எதுக்கு தனியா?"

"இருசப்பன்தான் நீலத்தை மட்டும் பிரிச்சுக் குடுக்கச் சொல்றான். இன்னாத்துக்குடான்னா, ஒரு நாளைக்குக் காட்டறேங்க்கான்னு சிரிக்கறான்."

மணிவேலுக்கு அதெல்லாம் காதுல ஏறலை. பொண்ணு வீட்டுக்காரங்க சீக்கிரமே வந்து, ஒம்போது மணி வண்டி அவங்க எதுர்ல வந்து நின்னா? உடனே இருசப்பனுக்கு போன் போட்டான். "அண்ணே, இப்ப வராதீங்க. பத்து மணிக்கு மேல வாங்க." அவங்க வர்ற நேரமும் அதுதான்னு அந்த அவசரத்துல அவனுக்கு ஒறைக்கலை.

அப்புறம் ஏழு மூட்டையும் பாத்ரூம்ல அடைச்சான். கதவை முட்டி முட்டித்தான் சாத்த முடிஞ்சுது.

திரும்பிப் பாத்தா அம்மா பட்டுப்புடவை கட்டி நிக்கறாங்க. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, கை மட்டும்தான். வெடிப்பு, கத்தி கீறின தழும்பு, நகத்துக்குள்ள கருப்பு.

"அம்மா, அவங்க எதுர்ல கையைக் காட்டாதீங்க. முந்தானைக்குள்ள வெச்சுக்கங்க."

சொல்லிட்டான். அந்த ஒரு பேச்சை மட்டும் திருப்பி வாங்கிக்க முடிஞ்சா தேவலாம்னு அப்புறம் எத்தனையோ நாள் நெனச்சிருக்கான்.

எப்பவும் அவனை 'டா' போட்டுத்தான் கூப்புடுவாங்க. அன்னிக்கு "சரிப்பா"ன்னாங்க.

பத்து மணிக்கு கீழ்பென்னாத்தூர்லேர்ந்து கீர்த்தனாவோட அப்பா அப்பாதுரையும் அவரு சம்சாரமும் வந்தாங்க. மணிலாக் கடலை வெவசாயம் பண்றவங்க. அந்தம்மா வந்ததும் மொதக் கேள்வி, "கால் கழுவணும், பாத்ரூம் எங்கப்பா?"

"அதுல தண்ணி வராது அத்தை!"

"பரவால்லப்பா, ஒரு குடம் குடு, மொண்டு ஊத்திக்கறேன்"னு கதவைத் தள்ளிட்டாங்க.

சரசரன்னு ஒரு மூட்டை சரிஞ்சு வாய் தொறந்துச்சு. பாட்டில் ஒண்ணு உருண்டு வந்து அப்பாதுரை காலாண்ட நின்னுச்சு.

"என்னா மாப்ள இது?"

"எங்க கம்பெனி சாம்பிள் மாமா. கடல்ல மெதக்கற பிளாஸ்டிக்கை எடுத்துத்தான நாங்க வளையல், கம்மல், ஹேண்ட்பேக்லாம் செய்யறோம். இது கடல்ல எடுத்தது."

அப்பாதுரை கண்ணாடியை மாட்டிட்டு பாட்டிலைத் திருப்பிப் பாத்தாரு. "நம்ம வேங்கிக்கால்னு அட்ரஸ் போட்டிருக்கு?"

"வெள்ளத்துல அடிச்சிட்டுப் போயிருக்கும் மாமா."

"வேங்கிக்கால்லேர்ந்து கடலுக்கா? அங்க ரோட்ல தண்ணி நின்னாலே நியூசு!"

அந்தம்மா நெலைமையை சமாளிக்க, வெத்தல பாக்கு, பூ, பழம் வெச்ச தட்டை எடுத்து நீட்டுனாங்க. "சம்பந்தி, வாங்கிக்கங்க."

உண்ணாமலை மகனைப் பாத்தாங்க. அப்புறம் முந்தானைக்குள்ள கையை வெச்சபடியே, துணியோட தட்டைப் புடிச்சாங்க.

அந்தம்மா மொகம் சுருங்கிடுச்சு. "ஏங்க, எங்க தட்டை கையால தொடக் கூடாதா?"

"அய்யோ, அப்படி இல்ல அத்தை. அம்மாவுக்கு கைல அலர்ஜி."

"அலர்ஜியா? ஒட்டுமா?" அந்தம்மா ரெண்டடி தள்ளிப் போயிட்டாங்க.

உண்ணாமலை இல்லாத நோயையும் சேத்து வாங்கிட்டு தட்டோட நின்னாங்க.

மணிவேல் அவசரமா பேக்லேர்ந்து மீன் படம் போட்ட டப்பாவை எடுத்தான். உள்ள ஒரு வளையல், பளபளன்னு நீலம். "கீர்த்தனாவுக்கு. எங்க நீலக்கரை கம்பெனியிலேயே இதுக்குத்தான் மவுசு ஜாஸ்தி. சாயமே கிடையாது அத்தை. கடலே குடுத்த கலர்."

"அழகா இருக்குப்பா"ன்னு உண்ணாமலை எட்ட நின்னே சொன்னாங்க. ஆசைக்குக்கூட தொட்டுப் பாக்கலை. அவன்தான் சொல்லி வெச்சிருக்கானே.

அப்பத்தான் வாசல்ல குட்டியானை வண்டி ஹாரன் அடிச்சுது. இருசப்பன் லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு நேரா உள்ள வந்தாரு.

"உண்ணாமலைக்கா! மூட்டைங்கலாம் எங்க?"

மணிவேல் குறுக்க வந்து நின்னான். "மாமா, இவரு யாரோ வீடு மாறி வந்துட்டாரு."

"என்னா தம்பி வெளாடறியா? நீதான போன் பண்ணி பத்து மணிக்கு மேல வரச் சொன்ன? உங்கம்மாகிட்ட பதினஞ்சு வருசமா பாட்டில் எடுக்கறேன், எனக்கு வீடு தெரியாதா?"

அப்பாதுரை உண்ணாமலையைப் பாத்தாரு. உண்ணாமலை தரையைப் பாத்தாங்க.

இருசப்பன் கண்ணு மட்டும் டப்பா மேல இருந்துச்சு. மீன் படத்தைத் தடவிப் பாத்தாரு. வளையலை எடுத்து வெளிச்சத்துல ஒரு சுத்து சுத்துனாரு. அப்புறம் உண்ணாமலையோட கையை முந்தானைக்குள்ளேர்ந்து வெளிய இழுத்து, அந்த வெடிச்ச உள்ளங்கைல வளையலை வெச்சாரு.

"நீல மூடி இன்னாத்துக்குன்னு கேட்டுட்டே இருப்பியேக்கா, இதாங்க்கா அது. மாசாமாசம் இந்த மீன் படம் போட்ட சாக்குல கட்டி, இந்த கம்பெனி குடோன்லதான் எறக்கிட்டு வர்றேன்."