இருபத்தேழு பச்சைக் கிராமங்கள்

இந்தியத் திருநாட்டில் புற்றுநோயை மருந்தின்றி, கத்தியின்றி, வெறும் பால்பாயிண்ட் பேனாவால் வென்ற மாவீரர் ஒருவரே. அவர்தான் ஆண்டிமடம் பக்கத்து இருபத்தேழு கிராமங்களின் இறப்பு விவரங்களைத் தொகுக்கும் அலுவலர் சிவசுப்பிரமணியன். தேசியப் புற்றுநோய் வரைபடத்தில் சென்னை சிவப்பு, டெல்லி கருஞ்சிவப்பு. சாருடைய கிராமங்களோ நாற்றங்கால் மாதிரிப் பச்சைப்பசேல். ஐந்தாண்டுகளாக அங்கே ஒருவர்கூடப் புற்றுநோயால் ‘காலமாகவில்லை’. அதற்காக யாரும் சாகாமல் இருந்தார்கள் என்றில்லை. தாராளமாகவே செத்தார்கள்.

இந்த அதிசயத்தை ஆராய டெல்லிக் குழு ஒன்று ஆண்டிமடத்துக்கே வந்து கூட்டம் போட்டது. காரணம் முந்திரிப் பழமா, கம்பங்கூழா என்று மூன்று மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ‘இரண்டும்’ என்று தீர்மானம் நிறைவேறியது. சிவசுப்பிரமணியன் மிகுந்த அடக்கத்தோடு மூன்றாவது சமோசாவை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு விருது. புதுச் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்தாயிற்று.

புதன்கிழமை பார்த்து, வெற்றிச்செல்வி என்றொரு பெண் ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்து நின்றாள்.

“சார், எங்கம்மா செத்ததுக்குக் காரணம் ‘மூச்சு நின்றது’ன்னு இருக்குங்க. அத மாத்திக் குடுக்கணும்.”

“ஏம்மா, மூச்சு நின்னுச்சா இல்லியா?”

“நின்னுச்சுங்க.”

“அப்புறம் என்ன தப்பு?”

“மார்ல புத்துநோய்ங்க. தஞ்சாவூர்ல ரெண்டு வருஷம் பாத்தோம். இனிமே தாங்காது, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னாங்க. மூணாம் நாள் போயிட்டாங்க. சாவு விவரம் எழுத வந்தவருகிட்ட எங்க மாமா, ‘கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்குது, அந்த வியாதி பேரச் சொன்னா எவன் கட்டுவான்’னு மூச்சு நின்னுச்சுன்னு சொல்லிட்டாரு.”

“உங்க மாமா வெவரமான ஆளு!”

சிவசுப்பிரமணியன் பூரித்துப் போனார். இப்பேர்ப்பட்ட மாமாக்கள் ஊருக்கு ஊர் இல்லாமல் இந்தப் பச்சை ஏது?

“ஆஸ்பத்திரியில உசுரு போனாத்தாம்மா புற்றுநோய். வூட்டு வாசப்படி ஏறிட்டா ‘இயற்கை’,” என்று விதியை விளக்கினார்.

“அந்தக் கல்யாணப் பொண்ணு நாந்தாங்க சார். இப்ப எனக்கும் மார்ல கட்டி இருக்கு. ஆஸ்பத்திரி போனா ஊரே பேசும்னு வூட்டுல விட மாட்டேங்கறாங்க. புத்துநோய் சோதனை வண்டி ஊருக்கு வந்தா எல்லாரோடயும் நின்னு பாத்துக்குவேன். கேட்டா, ‘உங்க ஊரு பச்சை, சிவப்பு ஊருக்குத்தான் வண்டி’ங்கறாங்க. ஒரே ஒரு சிவப்புப் புள்ளி வைங்க சார்.”

சிவசுப்பிரமணியனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவருக்கும் அவள் வயதில் ஒரு மகள் உண்டு. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். அப்புறம் வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. மூடிவிட்டார்.

“அஞ்சு வருஷ உழைப்பு பாழாயிடும்மா. கவலப்படாத, பச்சை ஊருல யாருக்கும் புற்றுநோய் வராது. டெல்லியிலயே சொல்லிட்டாங்க.”

வெற்றிச்செல்வி ஃபைலைப் படக்கென்று மூடினாள்.

“சரிங்க சார். நான் செத்தாலும் உங்ககிட்டதான வரும்? அப்ப காரணம்னு போட்டிருக்கற எடத்துல மூச்ச எழுதாதீங்க. உங்க பேர எழுதுங்க.”

கடமை தவறாத அந்த அலுவலர் உடனே, சாவின் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கும் நோய்க் குறியீட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துத் தேடினார்.

“அந்தக் காரணத்துக்கு நம்பரே இல்லியேம்மா,” என்றார், நிஜமான வருத்தத்தோடு.

இத்தனை ஆண்டுகளாக அந்தக் காரணத்தால் செத்தவர்களை நாடு எண்ணாமல் இருப்பதும் அதனால்தான்.