பூதலிங்கத்தின் இருபத்துநான்காம் பாகம்

நம்பிராஜன் தன் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது இருபத்துமூன்று பாகம் நீளம்.

சொன்ன இடம் தென்காசியில் ஆறுமுகநயினாரின் அச்சுக்கூடம். காலம் 1936, ஆனி மாதம், சாரல் தொடங்கிய மறுநாள். ஆறுமுகநயினார் துப்பறியும் நாவல் போடுகிறவர். 'துப்பறியும் பூதலிங்கம்' என்று சொன்னால் போதும், திருநெல்வேலி ஜில்லாவில் கைக்குழந்தையும் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். பூதலிங்கத்தைப் படைத்தவர் சிதம்பரதாணு என்ற பெரியவர். இருபத்துமூன்று பாகம் எழுதிவிட்டு, அடுத்ததற்கு முதல் வரிகூட எழுதாமல் போன தை மாதம் காலமாகிவிட்டார்.

பெரியவர் போகலாம், பூதலிங்கம் போகக்கூடாது என்பது ஆறுமுகநயினாரின் கட்சி. புது ஆசிரியர்களைத் தேடினார். முதலில் ஒரு வித்துவான் கிடைத்தார். அவர் எழுதிய இருபத்துநான்காம் பாகத்தில், திருடனைத் துரத்திக்கொண்டு ஓடும்போது பூதலிங்கம் நின்று நான்கு வெண்பாச் சொன்னார். நாலாவது வெண்பா முடிவதற்குள் திருடன் கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டான். அடுத்து ஒரு வக்கீல் குமாஸ்தா. அவருடைய இருபத்துநான்காம் பாகத்தில், இரண்டாவது அத்தியாயத்திலேயே பூதலிங்கம் வெங்காயம் போட்ட உள்ளி வடை தின்றார். இருபத்துமூன்று பாகத்தில் உள்ளியைத் தொடாத மனுஷன்! இரண்டு இருபத்துநான்கும் போன வேகத்தில் தபாலில் திரும்பி வந்தன.

மூன்றாவது இருபத்துநான்குக்காகத்தான் நம்பிராஜன் வந்து நின்றான்.

"வேய் தம்பி, உமக்குப் பட்டம் இருக்கு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. அதெல்லாம் எனக்கு வேண்டாம். பூதலிங்கத்துல ஒரு மயிரிழை மாறுனாலும் வாசகன் புஸ்தகத்தை என் மூஞ்சியில எறிவான். இருபத்துமூணையும் படிச்சிருக்கீரா?"

"படிச்சிருக்கேனாவா? மனப்பாடம், அண்ணாச்சி."

"அப்பம் எழுதும். புஸ்தகம் திரும்பி வராம நின்னுட்டா இனிமே நீர்தான் ஆசிரியர். இங்கன சன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுத் தருதேன்."

அந்த நாற்காலிதான் பொய் சொல்ல வைத்தது. நம்பிராஜன் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவன்தான். பி.ஏ. தேறி இரண்டு வருஷம் ஆகிறது. இலஞ்சியில் அவன் அப்பா சங்கரபாண்டி, வயலுக்குள் வந்த கொக்குகளிடம்கூட "எம் மவன் பி.ஏ." என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகனோ திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையில் இருக்கிற அத்தனை ஆபீசுக்கும் மனு எழுதிப் பார்த்துவிட்டான். உட்காரச் சொல்லி எவரும் ஒரு நாற்காலியை அவனுக்குக் காட்டியதில்லை.

உண்மையில் பூதலிங்கத்தில் ஒரு பாகம்கூட அவன் படித்ததில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணமாகி, இலத்தூரிலிருந்து மனைவி உலகம்மை வந்தபோது அவள் டிரங்குப் பெட்டியில் சேலை ஒரு அடுக்கும் பூதலிங்கம் இரண்டு அடுக்கும் இருந்தன. அதைப் பார்த்து நம்பிராஜன் அரை மணி நேரம் பேசினான். கொலையும் கொள்ளையும் ஒரு படித்தவன் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பதா? மறுநாள் பெட்டியில் புத்தகம் ஒன்றும் இல்லை. உலகம்மை ஒரு வார்த்தை வாதாடவில்லை. அவள் வாதாடாத இடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது அவனுக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆறுமுகநயினாரிடம் பழைய பாகங்களைக் கேட்க முடியாது. மனப்பாடம் என்று சொல்லியாயிற்று. மனைவியிடம் கேட்கலாம் என்றால், அந்த அரை மணி நேரப் பேச்சை வாபஸ் வாங்கவேண்டும். அது முடியுமா? அச்சுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் நம்பிராஜன் ஒரு திட்டம் போட்டுவிட்டான். திட்டத்தின் அழகை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது.

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பூதலிங்கம்னு ஒருத்தன் உண்டுல்லா?"

"எந்தப் பூதலிங்கம்? பால்காரரா?"

"இல்லட்டி. நாவல்ல வருவானே."

"வருவானே இல்ல, வருவாரே. அவருக்கு என்ன இப்பம்?"

"வாசகசாலையில பேசக் கூப்பிட்டிருக்காக. 'துப்பறியும் நாவல்களால் குடும்பப் பெண்களுக்கு விளையும் தீமைகள்.' தாக்குறதுக்கு முந்தி எதிரியைப் பத்தித் தெரிஞ்சுக்கிடணும்லா?"

உலகம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பார்வை அவன் வலது முழங்கையில் ஒரு விநாடி நின்றது. அங்கே அச்சு மை உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தது.

"நல்ல காரியம்தான்," என்றாள்.

"அந்தப் புஸ்தகம் எங்க?"

"நீங்க சொன்ன மறுநாளே பக்கத்து வீட்டு ஹைருன் பீவி மதினிகிட்ட குடுத்துட்டேன். அவுக புளியங்குடியில தங்கச்சி வீட்டுக்குக் குடுத்துவிட்டுட்டாக. அதனால என்ன? எனக்கு எல்லாம் நெஞ்சுல இருக்கு. கேளுங்க."

நம்பிராஜன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"ஆளு எப்படி?"

"நல்ல உயரம். மீசை உண்டு. உள்ளி தொடமாட்டார்."

சரிதான் என்று தலையாட்டினான். அந்த உள்ளி ஒன்றுதான் அச்சுக்கூடத்தில் கேட்டு அவனுக்கு முன்பே தெரியும். அது சரியாக இருந்ததால் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கை வந்துவிட்டது.

"குடும்பம்?"

கீரை உருவிய கை சற்று நின்றது.

"உண்டே. சம்சாரம் பேரு செண்பகம்."

"அவளுக்கு என்ன வேலை?"

"கண்டுபிடிக்குற வேலை."

"அப்பம் பூதலிங்கத்துக்கு?"

"அவ கைகாட்டுற ஆளுக்கு விலங்கு மாட்டுற வேலை."

"ஏட்டி, பிறகு எதுக்கு 'துப்பறியும் பூதலிங்கம்'னு பேரு?"

"எந்த வீட்டு வாசல்லதான் பொம்பளை பேரு எழுதிப் போட்டிருக்கு?"

நம்பிராஜன் எழுதிக்கொண்டான்.

"காலையில எந்திரிச்சதும் என்ன செய்வான்?"

"செண்பகத்துக்குக் கிணத்துல தண்ணி இறைச்சு ஊத்துவார். வாளி மேல வந்தாத்தான் அவருக்கு யோசனையும் மேல வரும்."

"எல்லாப் பாகத்துலயுமா?"

"ஒரு பாகத்துல கிணறு வத்திப்போச்சு. அதுல ஆத்துக்குப் போவார்."

"சாரல் காலத்துல?"

"வருஷம் தவறாம சம்சாரத்தைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவார். ஜட்கா வண்டியில. பொண்டாட்டியை நடத்திக் கூட்டிட்டுப் போறவங்களைக் கண்டா அவருக்கு ஆகாது."

ஆண் குலத்துக்கே அவமானமான ஆசாமியாக இருக்கிறானே என்று நம்பிராஜனுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் மயிரிழை மாறக்கூடாது என்பது உத்தரவு. அவன் உத்தரவை மீறுகிறவன் அல்ல.

"தீமை நிறைய இருக்கும் போலிருக்கே," என்றான்.

"இன்னும் கிடக்கு. எழுதிக்கிடுங்க."

எட்டு நாள் எழுதினான். குற்றாலத்தில் ஒரு காசுமாலை களவு போகிறது. அதுவரை வந்துவிட்டது. யார் எடுத்தார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது? பேனா நகரவில்லை. 'பிரசங்கத்துக்கு ஓர் உதாரணம்' என்று சொல்லி மனைவியிடம் கேட்டான்.

"அதை இங்கன இருந்துக்கிட்டு எப்படிச் சொல்ல? அருவியைப் பாத்தாத்தான் ஞாபகம் வரும்," என்றாள் உலகம்மை.

மறுநாள் ஜட்கா வண்டி வாசலில் நின்றது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது அதுதான் முதல் தடவை. பேரருவியில் பெண்கள் பக்கம் போனவள் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்து, பல் கிடுகிடுத்து, பதினாறு வயசுப் பெண்போலச் சிரித்துக்கொண்டு வந்தாள். நம்பிராஜனும் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தான். சாரலில் நனைந்துகொண்டே கடைத்தெருவில் நடக்கும்போது அவள் சொன்னாள்:

"மாலை களவு போன நேரத்துல நான் பேரருவியில குளிச்சிக்கிட்டிருந்தேன்னு ஒருத்தன் சத்தியம் பண்ணுதான். எல்லாரும் நம்பிட்டாக. செண்பகம் மட்டும் அவன் தலையைப் பாக்கா. எண்ணெய் வழியுது."

"அதனால?"

"அட, பி.ஏ.க்காரவுகளே! அந்த அருவிக்குள்ள தலையைக் குடுத்தவன் தலையில எண்ணெய் நிக்குமா? சீயக்காயே வேண்டாமே! எண்ணெய் தேய்ச்சவன் அருவிப் பக்கமே போகல. மாலை எடுக்கப் போயிருக்கான்."

நம்பிராஜன் தன் தலையைத் தடவிப் பார்த்தான். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"இது எத்தனாவது பாகம்?" என்றான், ஏற்கெனவே அச்சில் வந்ததாக இருக்குமோ என்று பயந்துகொண்டே.

"எதுலயும் இல்ல. இப்பம் நானாச் சொன்னேன்."

அப்பாவிப் பெண்டாட்டியின் யோசனையைத் திருடுகிறோமே என்று ஒரு விநாடி மனசு உறுத்தியது. பிறகு சன்னலோர நாற்காலி ஞாபகம் வந்தது.

ஆடிக் கடைசியில் 'குற்றாலத்தில் காணாமற்போன காசுமாலை' வெளிவந்தது. ஆறுமுகநயினார் அதைப் படிக்கவில்லை. "அச்சடிக்குறவன் படிச்சா தொழில் ஓடாது" என்பது அவர் கொள்கை. பத்தாம் நாள் ஆள் அனுப்பினார். நம்பிராஜன் போனபோது அவர் முன்னால் ஒரு கோணிச் சாக்கு நிறையக் கடிதம் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"வேய், பூதலிங்கத்துக்கு எப்பம் கல்யாணம் ஆச்சு?"

"முதல் பாகத்துலேருந்தே..."

"முதல் பாகத்துலேருந்தே அவர் பிரம்மச்சாரி! ஏழாம் பாகத்துல ஒரு ஜமீன் வீட்டுல பொண்ணு குடுக்க வந்தப்போ, கட்டையில போறவரைக்கும் தாலி கட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணுதாராம். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பக்க நம்பரோட எழுதியிருக்காரு!"

இருபத்துமூன்று பாகமும் பாகம் பாகமாக நம்பிராஜன் தலையில் விழுந்தன. அச்சு யந்திரத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. இலஞ்சிக் கொக்குகளிடம் அப்பா இனி என்ன சொல்வார்?

"அண்ணாச்சி," என்றான். "நான் சொன்னது பொய். ஒரு பாகம்கூட நான் படிச்சதில்ல."

"அதான் தெரியுதே. மிச்சக் கடுதாசியையும் படியும்."

ஒரு கார்டை எடுத்தான். அது அந்த ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி தனியாகப் போட்டது. 'என் வீட்டுக்காரர் எழுதியதைக் கிழித்துப் போடவும். செண்பகம் நீடூழி வாழ்க.' அடுத்தது, 'ஐயா, இத்தனை நாள் செண்பகத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?' இன்னொன்று, 'நேற்று முதல் எங்கள் வீட்டில் அவர்தான் தண்ணீர் இறைக்கிறார்.' சாக்கில் பாதிக்குமேல் பெண் எழுத்து.

"ஒரு புஸ்தகம் திரும்பி வரல்ல வேய்! அத்தனையும் தீந்துட்டு. ரெண்டாம் பதிப்பு ஓடிக்கிட்டிருக்கு, சத்தம் கேக்கலியா? ஏன் நிக்கீரு? உட்காரும்!"

சன்னலோரம் நாற்காலி போட்டிருந்தது. நம்பிராஜன், பி.ஏ., உட்கார்ந்தான். கால் தரையில் பாவவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமும் கோபமும் மாறி மாறி வந்தன. வாசலை மிதித்தபோது கோபத்தின் முறை. உள்ளே அடுக்களையில் உலகம்மையும் பக்கத்து வீட்டு ஹைருன் பீவியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருபத்துமூன்று பாகமும் இரண்டு அடுக்காக இருந்தன.

"புளியங்குடிக்குப் போன புஸ்தகமா இது?"

"நேத்துத்தான் திரும்பி வந்துச்சு, அண்ணே," என்றாள் ஹைருன் பீவி, பதினாலாம் பாகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஏட்டி உலகம்மை! வாய் கூசாம எங்கிட்ட அம்புட்டுப் பொய்யைச் சொல்லியிருக்கியே!"

"நீங்க பிரசங்கத்துக்குன்னுதான கேட்டீக? நாவலுக்குன்னு கேட்டிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பேன்."

நம்பிராஜன் அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்தான்.

"உனக்கு எப்பம் தெரியும்?"

"மொத நாளே. வாசகசாலையில எவன் முழங்கையில அச்சு மை அப்புவான்?"

"உள்ளதைச் சொன்னா என்னட்டி?"

உலகம்மை புத்தகங்களைத் தடவினாள். அவள் குரல் கொஞ்சம் மாறியது. "சொல்லியிருந்தா உங்க இருபத்துநாலும் திரும்பி வந்திருக்கும். இந்தப் பூதலிங்கம் அந்தப் பெரியவரோட ஆளு. அவரை மாதிரி எழுத அவராலதான் முடியும். பின்னால வாறவுக அவர் எழுதாத ஒண்ணைக் கொண்டாந்தாத்தான கதை நிக்கும்? நாற்காலி கிடைச்சுட்டா இல்லையா? தூக்கத்துல அதைத்தான புலம்புனீக?"

"கிடைச்சுட்டு."

"அப்பம் கை கழுவிட்டு வாங்க. பாயசம் வச்சிருக்கேன்."

பாயசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் குடித்துக்கொண்டே நம்பிராஜன் ஒரு சபதம் எடுத்தான். இருபத்தைந்தாம் பாகம் முழுக்க முழுக்கத் தன்னுடையது. ஒரு வரிகூட வீட்டில் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் அச்சுக்கூடத்துக்கு நடக்கும்போதே கதை தயாராகிவிட்டது. கொழும்புக் கப்பல், நீலக்கல் மோதிரம், விஷம் தடவிய வெற்றிலை. போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆறுமுகநயினார் பேப்பரும் பென்சிலுமாக வந்தார். பின்னால் அச்சுக் கோக்கிறவர்கள் இரண்டு பேர், காது கொடுத்து நின்றார்கள்.

"ரெண்டாம் பதிப்புக்குப் பின்னட்டை விளம்பரம் வேய். அடுத்த பாகத்துல செண்பகம் எதை வச்சுக் கண்டுபிடிக்கா? ஒரே ஒரு வரி சொல்லும்."

நம்பிராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டான். கப்பல் இருந்தது. மோதிரம் இருந்தது. வெற்றிலை இருந்தது. செண்பகம் கப்பலில் ஏறி நின்று அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். நம்பிராஜன் நாற்காலியிலிருந்து எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டான்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க, அண்ணாச்சி," என்றான். "வீட்டுல கேட்டுட்டு ஓடி வாரேன்."