அத்தை தலையில் ஊற்றிய சிச்சா

மரியாதைக்குரிய ரோமுலோ மச்சான் அவர்களுக்கு,

நாப்போ ஆற்றங்கரையிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஓல்மேடோ எழுதுவது. இங்கே நாங்களும், குரங்குகளும், என் அத்தையான உங்கள் அம்மாவின் குரலும் நல்ல பலத்தோடு இருக்கிறோம். அங்கே தேனா ஊரில் உங்கள் சிமெண்டுக் கடையும் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன என்று தெரிவிக்கவும்.

போன தடவை இங்கிருந்து படகில் ஏறும்போது நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கா மச்சான்? "காட்டுக்குள்ள விடுதி கட்டினா எவன்டா வருவான், கொசுவா வாடகை குடுக்கும்?" அந்த வாயை இப்போ கொஞ்சம் மூடிக்குங்க. ஜெயிச்சுட்டோம்!

கீத்தோவிலிருந்து பயணக் கம்பெனி ஆள் ஹெர்னான் ஐயா நம்ம விடுதியைப் பார்க்க வந்தார். அவர் சரின்னு சொன்னா வாராவாரம் ஆள் வரும், வேண்டாம்னு சொன்னா விடுதியை மூடிட்டு நாங்க எல்லாரும் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போக வேண்டியதுதான், அதனால உங்க தங்கச்சி புதுப் போர்வை விரிச்சு, அறை பூரா பூ வெச்சு, அந்தப் பூவோட எறும்பையும் கொண்டாந்து வெச்சுட்டா. வர்ற வழியிலேயே படகு மணல்ல தட்டி, மனுஷன் பேண்ட்டைச் சுருட்டிக்கிட்டு இறங்கித் தள்ளினார். காலையில கிளிங்க களிமண் தின்ன வர்ற மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், அன்னிக்குன்னு பார்த்து ஒரு பருந்து வந்து உட்கார்ந்துச்சு, ஒரு கிளியைக் காணோம், அந்தப் பருந்தையே அரை நாள் காட்டினேன். திரும்பி வந்தா அவரோட ஒரு ஷூவைக் குரங்கு மரத்து மேல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. ஒரே ஷூவோட சாப்பிட வந்தவர்கிட்ட அத்தை கிண்ணம் நிறைய சிச்சா நீட்டினாங்க. மரவள்ளிக்கிழங்கை வாயில மென்னு துப்பிப் புளிக்க வெச்ச கள்ளுன்னு யாரோ அவர் காதுல ஓதியிருக்கணும்.

"வேண்டாம்மா, வயிறு சரியில்லை" என்றார்.

"வயிறா? நேத்து ஒரு முழு மீனைத் தின்னீங்களே, அப்போ எந்த வயிறு?" என்றார்கள் அத்தை.

மறுத்தவன் தலையில கிண்ணத்தைக் கவிழ்க்கிறது நம்ம வழக்கம், அது அவருக்கு எப்படித் தெரியும்? நான் "அத்தை, கம்பெனிக்காரர், கம்பெனிக்காரர்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அதுக்குள்ள கொட்டியாச்சு. கண்ணாடி, மீசை, சட்டைப் பை எல்லாம் சிச்சா. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு மச்சான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, "எதுக்கும்மா இது?" என்று கேட்டார். அத்தை அசரவே இல்லை. "விருந்தாளின்னா சும்மா விட்டிருப்பேன். படகு தள்ளினீங்க, எறும்பு கடிச்சும் வாயைத் திறக்கலை. இனிமே நீங்க வீட்டு ஆளு. வீட்டு ஆளுக்குத்தான் ஊத்துவோம்."

மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். "எல்லா விடுதியிலயும் ஈரத்துண்டும் பழரசமும் நீட்டி நீட்டி என்னைக் கொன்னுட்டாங்க. என்னைத் திட்டுறதுக்கு இங்கதான் ஒரு ஆள் இருக்கு" என்று சொல்லி, மீசையில் வழிந்ததை நக்கிப் பார்த்து, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒப்பந்தத்தை அனுப்புகிறேன் என்று கைகொடுத்துவிட்டு ஒற்றை ஷூவோடு படகு ஏறினார்.

ஆகவே மச்சான், உங்கள் சிமெண்டு எங்களுக்கு வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். இனிமேல் நீங்கள் இங்கே வந்து கஷ்டப்பட அவசியமே இல்லை, உங்கள் அறையில் விறகு அடுக்கிவிட்டேன். வீட்டில் அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். ஆறு வற்றினாலும் உங்கள் வியாபாரம் வற்றாமல் இருக்கட்டும்.

உங்கள் அன்புள்ள,
ஓல்மேடோ கிரேஃபா

பின்குறிப்பு: கடிதம் எடுத்துப் போகப் படகு வருவதற்குள் ஒப்பந்தமே வந்துவிட்டது, முதல் கூட்டமும் வந்துவிட்டது. ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கூட்டத்துக்கும், நிஜமாக மறுக்கிறவர் தலையில் அத்தை சிச்சா ஊற்றிக் காட்ட வேண்டும், நடிப்பு கூடாது. ஆனா வந்தவங்க எல்லாரும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டு மறுபடி கேக்கறாங்க. "குடிக்கிறவன் தலையில எப்படி ஊத்த?" என்கிறார்கள் அத்தை. நான் வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன், "பானையோட குடிக்கிறவன், நடிக்காதே மாப்பிள்ளை" என்று துரத்திவிட்டார்கள். மனசார சிச்சா வேண்டாம்னு சொல்ற ஆளு இந்த ஆறு பூராவும் நீங்க ஒருத்தர்தான். விறகை எல்லாம் வெளியே எடுத்துட்டேன் மச்சான். கோபப்படாம அடுத்த படகுல வாங்க, மாத்துத் துணி நிறைய எடுத்துக்குங்க. போன தடவை நீங்க தப்பிச்சு ஓடினதுக்கும் சேர்த்து அத்தை பெரிய கிண்ணமாக் கழுவி வெச்சிருக்காங்க.