ஜப்பான்காரிக்குக் காட்டிய கற்பூரம்

“செத்துடிச்சா?” என்று கேட்டாள் ஆதியம்மாள்.

தாண்டவராயன் அந்த விரல் நீளக் கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வாயில் அடைத்திருந்த பஞ்சு கரிந்திருந்தது. உள்ளே பச்சை வெல்வெட் மாதிரி படர்ந்திருந்த பூஞ்சை, தோசைக்கல்லில் ஒட்டிய கருகலாய்ச் சுருண்டு கிடந்தது.

“சாவல. மயக்கமா கீது.”

“மயக்கத்துல யாராச்சும் கரியாவாங்களா?”

“நீ தட்டு கழுவுற வேலையப் பாரு.”

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருந்தது அந்தச் சின்னத் தொழிற்சாலை. கோதுமைத் தவிட்டை ஆவியில் வேகவைத்து, தட்டுகளில் பரப்பி, மேலே பூஞ்சையைத் தூவி வைப்பார்கள். மூன்றாம் நாள் மஞ்சளும் பச்சையுமாகப் பூத்து நிற்கும். அதை ஊறவைத்து, வடித்து, காயவைத்தால் ஒரு பழுப்புத் தூள். துணியிலிருந்து கஞ்சியைக் கரைத்து எடுக்க மில்காரர்கள் அதை வாங்குவார்கள். மூட்டையில் ‘என்சைம்’ என்று அச்சடித்திருக்கும். ஆட்கள் வாயில் அது பூசணப் பொடி.

அத்தனை தட்டுக்கும் விதை அந்தக் குழாய்தான். முதலாளி ராமானுஜம் ஏழு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தேழில், ஜப்பானிலிருந்து சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தது. ஆபீஸ் பிரிட்ஜில் அதற்குத் தனித் தட்டு. வெள்ளிதோறும் பிரிட்ஜுக்குக் குங்குமம். ஆட்கள் அதற்கு ஜப்பான்காரி என்றே பேர் வைத்திருந்தார்கள்.

நேற்று ஆயுத பூஜை. பாய்லருக்குப் பொட்டு வைத்தாயிற்று, தராசுக்கு வைத்தாயிற்று, முதலாளியின் பழைய சைக்கிள் பம்புக்குக்கூட வைத்தாயிற்று. சோறு போடுகிற ஜப்பான்காரியை மட்டும் விட்டால் எப்படி என்று தாண்டவராயனுக்குத் தோன்றியது. குழாயை எடுத்துச் சந்தனம் பூசி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினான். அவளைத் தனியாக வைக்கக் கூடாதென்று, அவசரத்துக்கு இருந்த இரண்டாவது குழாயையும் பக்கத்திலேயே வைத்தான். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. குத்துவிளக்கு குழாய்களை ஒட்டி, எண்ணெய் தீரும் வரை நின்று எரிந்தது.

தட்டுகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்டலாமென்றால், பூஜைக்காக எல்லாவற்றையும் சோடா போட்டுக் கழுவியாகிவிட்டது. வடித்த சக்கைத் தவிட்டிலும் ஒரு பிடி மிச்சமில்லை. அது கடைசிக் கூடை வரை ஆதியம்மாளின் மாட்டுக்குப் போய்விடும். வேறு யாரும் தொடக் கூடாதென்பது முதலாளியின் உத்தரவு. ஏனென்று யாரும் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி மெட்ராஸிலிருந்து வருகிறார். சாயங்காலம் பெரிய மில்லிலிருந்து ஆள் வந்து தட்டுகளைப் பார்க்கிறார். அன்றைக்குத்தான் தாண்டவராயனின் வேலை நிரந்தரமாவதாகவும் பேச்சு. அது அவனுக்கு மூன்றாவது வேலை. மனைவி வச்சலாவுக்கு ஏழாம் மாசம்.

“அண்ணாத்த, நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றாள் ஆதியம்மாள்.

“ஒண்ணும் சொல்ல வாணாம். நீ வாயத் தொறந்தா என் வேல போயிடும்.”

கரிந்ததையே சுரண்டித் தட்டில் தூவினான். மூன்று நாள் காத்திருந்தான். தவிடு புளித்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் ஏறிப் புதுப்பட்டினம் போனான். அங்கே குடியிருந்த அவன் மச்சான் சடையப்பன் பக்கத்துக் கல்பாக்கத்தில் ஆய்வுக்கூடத்து அட்டெண்டர். விஞ்ஞானிகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்ததில் பாதி விஞ்ஞானி.

“மச்சான், உங்க லேப்ல பூசணம் கெடைக்குமா?”

“அணுவ ஆராயுற எடத்துல வந்து பூசணம் கேக்குறியே, மானம் போவுது!”

“பச்சையா, கொஞ்சம் மஞ்சளடிச்சா மாதிரி இருக்கணும்டா. வேல போயிடும்டா.”

சடையப்பன் மனம் இளகினான். “அதுக்கு லேபு எதுக்கு? கடக்காத்துல என் வூட்ல எல்லாமே பூக்குது. இந்தா, எங்க பெரியக்கா கல்யாண போட்டோவப் பாரு. மாப்பிள்ளைக்கு மட்டும் தாடி வந்துகீது.”

தாடி உண்மையிலேயே பச்சையாகத்தான் இருந்தது. தாண்டவராயன் அதை பிளேடால் மழித்து, காகிதத்தில் மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். முதலாளியும் ஜப்பானிலிருந்து இப்படித்தானே வந்திருப்பார் என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அன்று இரவே அதை நாற்பது தட்டிலும் தூவினான்.

புதன்கிழமை காலையில் தட்டறைக் கதவைத் திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தான். நாற்பது தட்டும் அடுப்புக்கரி நிறத்தில் பூத்திருந்தன. ஒரு வாரத்து மத்தி மீன் நாற்றம்.

“மாப்பிள்ள நல்ல எடம் இல்ல போலக்கீதே,” என்றாள் தாடிக் கதையைக் கேட்டிருந்த ஆதியம்மாள், முந்தானையை மூக்கில் வைத்தபடி.

நாற்றம் போக வேண்டுமே! தாண்டவராயன் நாற்பது தட்டுத் தவிட்டையும் குழிதோண்டிப் புதைத்தான். தரை, சுவர், கூரை என்று ஒரு டின் ஃபினாயிலை அடித்துக் கழுவினான். போதாதென்று சுண்ணாம்பும் அடித்தான். அறை கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று ஆனது.

ஆதியம்மாள் எட்டிப் பார்த்தாள். “ஏன் அண்ணாத்த, ஏழு வருசமா இங்கியே வளந்தவ. செவுத்து இடுக்குல எங்கியாச்சும் துளி ஒட்டிக்கினு இருந்திருப்பா இல்ல?”

தாண்டவராயன் சுவரைப் பார்த்தான். கையிலிருந்த ஃபினாயில் டின்னைப் பார்த்தான். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

“இப்பவாச்சும் நான் சொல்லட்டா?”

“சொல்லாத! நீ சொன்ன வரைக்கும் போதும்!”

கடைசியில் வீட்டிலேயே முயற்சி செய்வதென்று முடிவெடுத்தான். ஈரத் தவிட்டை நாலு தாம்பாளத்தில் பரப்பி, கட்டிலுக்கடியில் தள்ளினான்.

“ஊறுகா ஜாடியில ஒரு புள்ளி பூத்தா ஊரையே கூட்டுவ,” என்றாள் வச்சலா. “இப்ப எங்க அம்மா சீரா குடுத்த தாம்பாளத்துல பூசணம் வளக்குற!”

“மழக்காலம் வச்சலா. தானா வரும்.”

“வராட்டி?”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். “போன புள்ளைக்கு வத்திப்பெட்டிக் கம்பெனி போச்சி. இந்தப் புள்ளைக்கு இது. அதுக்குப் பேரு வெக்கிறதுக்கு முன்னால நாலாவது வேலையத் தேடு.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குனிந்து இழுத்தான். ஒரு தாம்பாளத்தில் ரோஸ் நிறம். இரண்டாவதில் பூனை மயிர் மாதிரி வெள்ளை. மூன்றாவதில் எறும்பு.

“நாலாவது எங்க?”

“கோழி துன்னுட்ச்சி.”

“ஐயோ, அதுதான் பச்சையா வந்துகினு இருந்திச்சி!”

“முட்டையில வருதான்னு பாரு.”

தாண்டவராயன் சிரிக்கவில்லை. மூத்த பையனின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ராஜினாமாக் கடிதம் எழுதினான். ‘உயர்திரு முதலாளி அவர்களுக்கு, தங்கள் ஜப்பான் பூஞ்சையை நான் கொன்றுவிட்டேன்’ என்று ஆரம்பித்து, அதற்குமேல் எழுத ஒன்றுமில்லாமல் கையெழுத்துப் போட்டான். வச்சலா தாளை வாங்கிப் படித்துவிட்டு, திட்டாமல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்போல் இருந்தது.

பதினோரு மணிக்கு முதலாளி ராமானுஜம் வந்தார். கடிதத்தைப் படித்தார். எழுந்து போய்ப் பிரிட்ஜைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார்.

“தாண்டவராயா, என்ன காரியம் செஞ்சிட்டே! ஜப்பான்ல முந்நூறு வருஷமா ஒரே குடும்பம் கண்ணு மாதிரி காப்பாத்தின வம்சம்யா அது! அந்தக் கிழவர் என் கையில குடுக்கும்போது அழுதார். தெரியுமா உனக்கு?”

“தெரியும் மொதலாளி. நீங்க ஒவ்வொரு பூஜைக்கும் சொல்லுவீங்க.”

“உலகம் பூரா தேடினாலும் இன்னொண்ணு கிடைக்காது! மில்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது? இவ்வளவு பேர் வயித்துல அடிச்சிட்டியே!”

“மன்னிச்சிக்குங்க மொதலாளி. பக்தியில செஞ்சிட்டேன்.” தாண்டவராயன் கையைக் கூப்பினான். “வூட்ல ஏழாம் மாசம்…”

“பக்தி! இனிமே உன்னை நான் வெச்சிருந்தா அந்தக் கிழவருக்குச் செய்யற துரோகம்.”

முதலாளி பேனாவைத் திறந்தார். கடிதத்தின் ஓரத்தில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுத ஆரம்பித்தார்.

கழுவிய தட்டுகளை அடுக்க வந்த ஆதியம்மாள் வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“இன்னா மொதலாளி, ஜப்பான்காரி வந்த மொத வாரமே செத்தப்ப நீங்களே வந்து எங்க வூட்டு மாட்டுத் தொட்டியில பூசணம் சொரண்டிக்கினு போனீங்களே, அதுல இப்பவும் பச்சப்பசேல்னு பூத்துதான் கீது, போய்க் கொஞ்சம் எடுத்தாரட்டா?”