மதிலில்லாத வாசலுக்குப் பூட்டு

இயேசு மரி சூசை துணை.

மாட்சிமை தங்கிய தொல்மதில் பாதுகாப்புக் குழுத் தலைவரும் என் உடன்பிறந்த தம்பியுமான எவரிஸ்தோவுக்கு, அக்கா லெத்தீசியா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் புண்ணியத்தில் நம்மூர்ப் புனித வெரானோ மட்டும் ஊருக்கு வெளியே நிற்கிறார்.

நம்மூர் மதிலில் மிஞ்சியது அந்த ஒற்றை வாசல்தான், அதன் இரண்டு பக்கமும் வெட்டவெளி, லாரி, ஆடு, கல்யாணக் கார் எல்லாம் அந்த வெட்டவெளி வழியாகத்தான் போகிறது என்பதெல்லாம் ரோமில் போய் உட்கார்ந்ததும் உனக்கு மறந்துவிட்டதா? வளைவில் ஒரு கல் ஆடுகிறதாம், ஆய்வு முடியும்வரை பூட்டாம். நீ அனுப்பிய ஆள் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டு, பூட்டி, இழுத்தும் பார்த்துவிட்டு, பக்கத்து வெட்டவெளி வழியாக நடந்து ஊருக்குள் காப்பி குடிக்க வந்தான். ஊரே சிரித்தது, அதுவும் என் முகத்தைப் பார்த்து.

ஞாயிறன்று மலைக்கோவிலிலிருந்து பவனி வந்து பூட்டின் முன்னால் நின்றது. புதுச் சாமியார் வெளியூர்க்காரர், பாவம், "சுத்திப் போயிடலாமேப்பா, நாலு அடிதானே?" என்றார். பல்லக்குத் தூக்கும் நெல்லோ அங்கேயே இறக்கி வைத்துவிட்டான். "கொள்ளைநோய்க் காலத்துல இந்த வாசல் வழியா வந்தவரு சாமி இவரு. சுங்கம் கட்டாத கள்ள உப்புதான் அந்தக் காலத்துல வாசலை விட்டுச் சுத்தி வரும். எங்க புனிதர் என்ன உப்பு மூட்டையா?"

மூன்று நாளாகப் புனிதர் கார்களுக்கு நடுவே, மீன்காரனின் குடைக்குக் கீழே. மெழுகுவர்த்திச் செலவை உன் பேரில் எழுதிவைத்திருக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். உன் அத்தான் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நடக்காவிட்டால் கால் அப்படியே நின்றுபோகும் என்று டாக்டர் கத்திப் பார்த்துவிட்டார். இவரோ, "புனிதர் நம்ம ஜன்னலடிக்கு வரட்டும், தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் காலைத் தரையில வைப்பேன்" என்று கோட்டும் டையுமாக ஜன்னலோரம் காத்திருக்கிறார். "ஏங்க, படி இறங்கினா மதில் வாசல்தானே, நாமளே போய்ப் பார்ப்போம்" என்றேன். "அவர் வர்றதா நான் போறதா, எதுடீ முறை?" என்கிறார். அங்கே ஆடுகிற கல்லைக் காப்பாற்ற ஒரு குழு இருக்கிறது. இங்கே ஒரு மனுஷர் கல்லாகிக்கொண்டிருக்கிறார், கேட்க நாதியில்லை. மரியாதையாகச் சாவியை அனுப்பு.

தேவமாதா உன்னையும் உன் குழுவையும் ஆசீர்வதித்து, கொஞ்சம் புத்தியும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

அக்கா லெத்தீசியா

பின்குறிப்பு: உறை ஒட்டத் திரும்பினால் நாற்காலி காலி! பதறிக்கொண்டு ஓடினேன். உன் அத்தான் கைத்தடியோடு வெட்டவெளியைச் சுற்றிப் போய், புனிதரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வியர்வை வழிய நிற்கிறார். "வந்துட்டாருய்யா உப்பு மூட்டை!" என்று நெல்லோ கத்துகிறான். புனிதர் தனியாக நிற்கிறாராம், இவர் நாளைக்கும் நடந்துபோய்ப் பார்ப்பாராம். ஆகவே தம்பி, ஆய்வு நிதானமாக நடக்கட்டும். சாவி உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும்.